குருவின்மீது வந்த முறைப்பாடு: ஆய்வுச் சங்கச் செயலாளர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

வாசகரின் கடிதம் (சுருக்கம்):

வன்னியைச் சேர்ந்த ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் பட்டப்பின் மாணவர்களுமாக அறுபது பேர் வரையில் உறுப்பினராக உள்ள ஓர் ஆய்வுச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். ஆண்டுதோறும் ஓர் ஆய்வரங்கு நடத்தி, ஆய்வுச் சுருக்கங்களைத் தொகுத்து அச்சிடுகிறோம். இம்முறை முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவர், சிறுகுளங்களை ஊரவர் பராமரித்த முறை பற்றி முதியவர்களிடம் மூன்று ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்த செய்திகளை வைத்து ஒரு சுருக்கம் அனுப்பினார். அது ஏற்கப்படவில்லை. அதை மீளாய்வு செய்தவர் எங்கள் மூத்த உறுப்பினரான ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர். ஆசிரியை அதற்கு முன்பே ஆலோசனை கேட்டு, ஒலிப்பதிவுகளின் எழுத்துப்படிகளை அவரிடம் கொடுத்திருந்தாராம். அதே ஆய்வரங்கில் அவர் வாசித்த கட்டுரையில் அந்த முதியவர்களின் கூற்றுகள் பெயரோடும் ஊரோடும் திரையிற் காட்டப்பட்டன. ஆசிரியையின் பெயர் எங்கும் இல்லை. ஆசிரியை எழுத்தில் முறைப்பாடு தந்திருக்கிறார். “தகவல் திரட்டியவர் கட்டுரையாசிரியர் ஆகமாட்டார்; வழிகாட்டியவன் நான்” என்கிறார் விரிவுரையாளர். “வெளியே தெரிந்தால் சங்கத்தின் பெயர் கெடும், உள்ளுக்குள் பேசி முடியுங்கள்” என்கிறார் தலைவர். எங்கள் யாப்பில், அதாவது சங்கத்தின் அமைப்பு விதிகளில், நற்பெயருக்குக் களங்கம் விளைவிப்போரை நீக்கலாம் என்ற ஒரு வரியைத் தவிர இதுபற்றி எதுவும் இல்லை. வாட்ஸ்அப் குழு இரண்டுபட்டு நிற்கிறது. ஆசிரியை சங்கத்திலிருந்து விலகப்போவதாகவும் சொல்கிறார். அந்த விரிவுரையாளர் எனக்கும் கற்பித்தவர். இதை நான் விசாரிக்கலாமா?

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பதற்கே முதலிற் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விசாரிக்கக் கூடாது. முறைப்பாடு கிடைத்தது என்று ஆசிரியைக்கு எழுத்தில் அறிவிப்பது, சங்கத்திடம் உள்ள ஆவணங்களைப் பத்திரப்படுத்துவது, விசாரிக்கத் தகுந்தவர்களிடம் அவற்றை ஒப்படைப்பது ஆகிய மூன்றுந்தான் உங்கள் கடமை. விரிவுரையாளர் உங்களுக்குக் கற்பித்தவர் என்பதை நிருவாகசபைக் கூட்டத்தில் நீங்களே எழுந்து சொல்லி, அதைக் கூட்டறிக்கையிற் பதியச் செய்து, அந்த விடயம் பேசப்படும் நேரத்தில் வெளியே இருந்துவிடுங்கள். நீங்கள் நேர்மையற்றவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவரை இருபது வயதிலிருந்து ‘சேர்’ என்று அழைத்துப் பழகிய நாவு, அவரைப் பார்த்து “இந்தப் பந்தி உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?” என்று கேட்கும்போது தடுமாறும்; தடுமாறக் கூடாது என்று வீம்புக்கு நிமிர்ந்தால் வேண்டியதற்கும் மேலாகக் கடுமை காட்டும். இரண்டும் ஆசிரியைக்கும் நீதியாகாது, அவருக்கும் நீதியாகாது.

இயற்கை நீதி என்று சட்டத்தார் சொல்வது இரண்டே கட்டளைகள்தாம்: தன் வழக்கில் எவரும் தாமே நீதிபதியாக இருக்கக் கூடாது, மறுபக்கத்தையும் கேட்காமல் முடிவு சொல்லக் கூடாது. இவை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியவை என்று எண்ணிச் சங்கங்கள் அலட்சியம் செய்தபோது நேர்ந்ததற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1919ஆம் ஆண்டின் இறுதியில், மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ், ஆய்வாளர் நால்வர் ஆய்வு என்ற போர்வையில் போர்க்கால உளவு வேலை செய்தார்கள் என்று, அவர்களின் பெயரைச் சொல்லாமல், ஒரு சஞ்சிகையிற் கடிதம் எழுதினார். அமெரிக்க மானிடவியற் சங்கம், குற்றச்சாட்டு உண்மையா என்று தேடுவதை விட்டுவிட்டு, எழுதியவரையே 20 வாக்குகளுக்கு 10 என்ற கணக்கிற் கண்டித்தது. அவர் சுட்டியவர்களிலேயே சிலர் அந்த வாக்கெடுப்பிற் கைதூக்கினார்கள். அந்தக் கண்டனத்தைச் சங்கம் மீளப்பெற்றது 2005ஆம் ஆண்டில். போவாஸ் 1942இலேயே காலமாகிவிட்டார். உங்கள் தலைவர் சொல்லும் ‘உள்ளுக்குள் பேசி முடிப்பது’ இந்த வகையைச் சேர்ந்ததாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். யாப்பிலுள்ள அந்த ஒற்றை வரியைப் பார்க்கும்போது எனக்கு அச்சம் கூடுகிறது. நற்பெயருக்குக் களங்கம் என்ற சொற்றொடர், தவறு செய்தவர்மீது பாய்வதைவிடத் தவறைச் சொன்னவர்மீது பாய்வதே பெரும்பாலும் நடக்கிறது. தவறு இருட்டிலே நடக்கிறது, முறைப்பாடோ வெளிச்சத்துக்கு வருகிறது. அந்த வரியை இந்த விடயத்திற் கையிலெடுக்க எவரேனும் முயன்றால் மறுத்துவிடுங்கள்.

அப்படியானால் யார் விசாரிப்பது? மூன்று பேர் போதும். ஒருவர் உங்கள் சங்கத்தவராக இருக்கலாம். இருவராவது வெளியே இருந்து வரவேண்டும். வன்னி பரப்பிற் பெரியது, கல்வியுலகிற் சிறியது. ஓமந்தையில் ஒருவருடைய கட்டுரையைப் பற்றி மாங்குளத்தில் ஒருவர் பேசினால் மாலைக்குள் கிளிநொச்சியில் அது தெரிந்துவிடும். இருவருமே ஒரே பட்டமளிப்பில் ஒரே மேடையில் ஏறியவர்களாக இருப்பார்கள். வவுனியாவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக 1997இல் தொடங்கியது 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. இந்த வட்டத்துக்குள் எவரைத் தெரிந்தெடுத்தாலும், ஆசிரியை, விரிவுரையாளர் இருவரில் ஒருவருக்கு மாணவராகவோ மேற்பார்வையாளராகவோ சம்பந்தியாகவோ இருக்கக் கூடும். மட்டக்களப்பிலோ பேராதனையிலோ வாய்மொழி வரலாற்றிலும் களஆய்விலும் பழக்கமுள்ளவர்களைக் கேளுங்கள். அவர்களின் பெயர்களை இரு தரப்புக்கும் முன்கூட்டி அனுப்பி, ஆட்சேபம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் காரணத்தோடு எழுதும்படி சொல்லுங்கள். ஆட்சேபிக்கும் உரிமை விரிவுரையாளருக்கும் உண்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். அவர் சொல்வதில் ஒரு பகுதி சரியாகவும் இருக்கலாம். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இந்தக் குழு எதை விசாரிக்கலாம், எதை விசாரிக்க முடியாது என்பதை வரையறுக்காமல் ஆரம்பித்தால் வேலை பாதியில் நின்றுவிடும். 1884இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வரலாற்றுச் சங்கம், 1987இல் தொழில்சார் நடத்தைக்கான நியமங்களை வகுத்து, கருத்துத் திருட்டு முதலான முறைப்பாடுகளை விசாரித்தும் வந்தது. 2003ஆம் ஆண்டில் அந்த விசாரணைகளை அது நிறுத்திவிட்டது; நியமங்களை மட்டும் வைத்துக்கொண்டு, திருத்தி, கற்பித்து வருகிறது. விசாரணைகள் இரகசியமாக நடந்தன, முடிவிலே தண்டனை என்று எதையும் விதிக்கும் வலு சங்கத்துக்கு இல்லை, ஆகவே செலவிட்ட உழைப்புக்கு ஏற்ற விளைவும் இல்லை என்று அவர்கள் கண்டார்கள். அத்தனை பெரிய சங்கமே பின்வாங்கிய இடத்தில் அறுபது பேர் கொண்ட சங்கம் இறங்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வேறுபாடு இருக்கிறது. அவர்கள் விசாரித்தவற்றிற் பெரும்பகுதி வேறெங்கோ வெளியான நூல்களையும் கட்டுரைகளையும் பற்றியது. உங்களிடம் வந்திருப்பது உங்கள் அரங்கில், உங்கள் மீளாய்வு ஏற்பாட்டுக்குள், உங்கள் தொகுப்புக்காக நடந்தது. உங்கள் வீட்டு முற்றத்தில் நடந்ததை அயலவர் வந்து விசாரிக்க முடியாது.

ஆகவே குழுவின் முன் வைக்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மீளாய்வாளர் என்ற தகுதியிலே தமக்கு வந்த படைப்பை அவர் தம் சொந்தக் கட்டுரைக்குப் பயன்படுத்தினாரா? அச்சிலுள்ள அல்லது அச்சேறவிருக்கும் தொகுப்பில் அவருடைய சுருக்கம் இப்போதைய வடிவில் நிற்கலாமா? அவருடைய பதவி, பதவியுயர்வு, சம்பளம், கற்பிக்கும் தகுதி எதுவும் உங்கள் சங்கத்தின் கையில் இல்லை. அவை அவருடைய பல்கலைக்கழகத்தின் கையில் உள்ளவை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் இயங்கும் பேரவைக்கே ஊழியர்மீதான ஒழுக்காற்று அதிகாரம் உண்டு. குழு தவறு நடந்ததென்று கண்டால் அந்த முடிவைப் பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்கலாம். ஆனால் ஆசிரியையின் சம்மதம் இல்லாமல் அவருடைய பெயரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே பட்டப்பின் படிப்புக்கு அவர் விண்ணப்பிக்க எண்ணியிருக்கலாம், அது உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

முதற் கேள்விக்கு முன்னுதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1997இல் பிரித்தானியாவில் சஞ்சிகை ஆசிரியர்கள் சிலர் கூடித் தொடங்கிய வெளியீட்டு நெறிமுறைக் குழு, மீளாய்வாளர் ஒருவர் படைப்பாளியின் கருத்தையோ தரவையோ எடுத்துக்கொண்டார் என்ற சந்தேகம் எழுந்தால் ஆசிரியர் குழு என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாக வரைந்து வைத்திருக்கிறது. முறைப்பாட்டாளரிடம் ஆவணச் சான்றுகளை முழுமையாகப் பெறுவது, மீளாய்வாளரிடம் விளக்கம் கேட்பது, விளக்கம் திருப்தி தராவிட்டால் அவருடைய நிறுவனத்தை அணுகுவது, விசாரணை முடியும்வரை அவரிடம் வேறு மீளாய்வு எதுவும் கொடுக்காதிருப்பது, நடப்பதை முறைப்பாட்டாளருக்கு அவ்வப்போது அறிவித்துக்கொண்டிருப்பது என்ற ஒழுங்கில் அது போகிறது. கடைசியிற் சொன்னதை எங்கள் சங்கங்கள் அடியோடு மறந்துவிடுகின்றன. முறைப்பாட்டைக் கொடுத்தவர் ஆறு மாதம் எந்தச் செய்தியும் இல்லாமல் இருந்து, பிறகு ஒரு கலியாண வீட்டில் யாரோ சொல்லித் தம் முறைப்பாட்டின் முடிவை அறிந்துகொள்வது இங்கே புதிய கதையல்ல.

ஆவணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியையிடம் கைபேசியில் உள்ள மூல ஒலிக்கோப்புகளை அழிக்காமலும், பெயர் மாற்றாமலும், பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். கோப்பு உருவான திகதி பெரும்பாலும் அதனுள்ளேயே பதிந்திருக்கும். எழுத்துப்படிகளை எப்போது, எதன் மூலம் விரிவுரையாளருக்கு அனுப்பினார் என்பதற்கு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ இருக்கும். சங்கத்தின் பக்கத்தில், சுருக்கம் கிடைத்த திகதி, மீளாய்வுக்கு அனுப்பிய திகதி, திரும்பி வந்த குறிப்பு, விரிவுரையாளரின் சொந்தச் சுருக்கம் வந்த திகதி ஆகியவற்றை இன்றே எடுத்து வையுங்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும்கூடத் தொலைத்துவிட்டு வந்த மக்கள் நாங்கள். கடதாசி இல்லாதவனின் சொல்லுக்கு அலுவலகங்களில் என்ன மதிப்பு என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அந்த அனுபவத்தை இந்த ஆசிரியைக்கும் நாங்களே கொடுக்க வேண்டாம்.

இனி, “தகவல் திரட்டியவர் கட்டுரையாசிரியர் ஆகமாட்டார்” என்ற வாதத்துக்கு வருகிறேன். இதைக் கூட்டத்திற் சொன்னால் பலர் தலையசைப்பார்கள், ஏனெனில் இது பாதி உண்மை. மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, 1978இல் கனடாவின் வான்கூவர் நகரிற் கூடியவர்களிலிருந்து உருவானது. அது வகுத்த அளவுகோலைப் பல துறையினரும் இன்று எடுத்தாள்கிறார்கள். அதன்படி ஒருவர் கட்டுரையாசிரியராக நான்கு நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேற வேண்டும்: ஆய்வின் எண்ணத்திலோ வடிவமைப்பிலோ, தரவைத் திரட்டுவதிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது அறிவுபூர்வமாகத் திருத்துவதிற் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்றல். நான்காவது 2013இற் சேர்க்கப்பட்டது. எனவே, வேறொருவர் வகுத்த வினாக்கொத்தை எடுத்துச்சென்று நிரப்பிக் கொடுத்தவருக்கு நன்றியுரையிலேதான் இடம் என்பது சரி. ஆனால் அதே அளவுகோல் இன்னொன்றையும் சொல்கிறது: முதல் நிபந்தனையை நிறைவேற்றிய எவருக்கும் மற்றவற்றை நிறைவேற்ற வாய்ப்புக் கொடுக்கப்பட வேண்டும். வரைவைக் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, “நீ எழுதவில்லையே, ஆகவே நீ ஆசிரியர் இல்லை” என்று சொல்லும் வழியை அடைப்பதற்காகவே அது எழுதப்பட்டிருக்கிறது.

அதோடு, இந்த ஆசிரியை வெறும் தகவல் திரட்டியவர் என்று உங்கள் கடிதத்தைப் படித்த எனக்குத் தோன்றவில்லை. கேள்வியைத் தாமே எழுப்பியிருக்கிறார், ஆட்களைத் தாமே தேடிப் போயிருக்கிறார், பகுப்பாய்ந்து ஒரு சுருக்கமும் எழுதியிருக்கிறார். விரிவுரையாளர் ஆலோசனை சொன்னார் என்றால், அந்த ஆலோசனைக்கு ஆசிரியை நன்றி சொல்ல வேண்டிய முறைதான் அங்கே பொருந்தும். இருந்தாலும் இதை நானோ நீங்களோ தீர்மானிக்க முடியாது. அவர் குறித்துக் கொடுத்த வினாக்கள், திருத்திய எழுத்துப்படிகள் என்று அவரிடமும் சான்று இருக்கலாம். குழு அவற்றைப் பார்க்கட்டும். அவருடைய பங்கு கணிசமானதென்று தெரியவந்தால் இருவர் பெயரும் இருந்திருக்க வேண்டிய கட்டுரை அது என்றாகும். ஆனால் எந்தக் கணக்கிலும் ஒருவர் பெயர் மட்டும் இருக்கும் கட்டுரை என்று ஆகாது. மேலும், தாமே வழிகாட்டிய ஆய்வு என்பது அவருடைய வாதமானால், அந்தச் சுருக்கத்தை மீளாய்வுக்கு ஏற்றுக்கொண்டது எப்படி என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். பெயரை மறைத்து அனுப்பினோம் என்று நீங்கள் சொல்வீர்கள். தாம் எழுத்துப்படியாக வாசித்திருந்த செய்திகளைச் சுருக்கத்திற் காணும்போது யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நான் பணியிலிருந்த காலத்தில், மாணவர் ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து எடுத்த கட்டுரைக்கு என் பெயரையும் சேர்த்து, அதையும் முதலாவதாகப் போட்டு அனுப்பினேன். அக்காலத்தில் எங்கள் துறையில் அதுவே வழக்கமாக இருந்தது. எவரும் கேட்கவில்லை, மாணவரும் கேட்கவில்லை. சில ஆண்டுகளின் பின் அவர் ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது, “இதில் உம்முடைய பங்கு எது?” என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாம் தம்முடையது என்று சொன்னால் என்னைக் காட்டிக்கொடுப்பதாகும் என்று நினைத்து, பாதியைச் சொல்லிவிட்டு வந்தாராம். அதை அவர் எனக்குச் சொன்னது முறைப்பாடாக அல்ல, ஒரு வேடிக்கையான சம்பவமாக. கேட்டு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாற் கூசுகிறது. அவருக்கு எழுதி, மறுபதிப்பில் ஒழுங்கைத் திருத்தும்படி வெளியீட்டாளரைக் கேட்டதெல்லாம் மிகப் பிந்தி நடந்தவை.

இவையெல்லாம் மேலைநாட்டார் கொண்டுவந்த சடங்குகள் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லக் கூடும். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏடு தந்தவர் யார், எந்த ஊரவர் என்று குறித்துச் சென்றதை அவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். ஏட்டுக்குச் சொந்தக்காரர் அதைப் படித்துப் பொருள் சொல்ல மாட்டாதவராக இருந்தாலும் அவர் பெயர் அங்கே நின்றது.

இதுவரை இருவரைப் பற்றியே பேசிவிட்டோம். என்னை உங்கள் கடிதத்தில் அதிகம் வருத்திய வரி வேறொன்று: முதியவர்களின் கூற்றுகள் பெயரோடும் ஊரோடும் திரையிற் காட்டப்பட்டன என்பது. முறைப்பாட்டில் ஆசிரியை இதைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று தெரியவில்லை. இல்லாவிட்டாலும் குழு இதைத் தானாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சிறுகுளத்தின் பராமரிப்பைப் பற்றி ஒரு முதியவர் பேசும்போது குளத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கட்டுக்கு மண் போட யார் யார் வந்தார்கள், எவருடைய வயலுக்கு முதலில் நீர் பாய்ந்தது, குளத்தின் ஓரமான அலைகரையை யார் வெட்டிப் பிடித்தார்கள், எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் ஊரை விட்டுப் போயிற்று, எவருடைய மகன் எங்கே கடைசியாகக் காணப்பட்டான் என்பதெல்லாம் ஒரே மூச்சில் வரும். இப்பகுதிக் காணிகளிற் பெருந்தொகையானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவை. அந்தப் பத்திரங்களிலும் பல யுத்தத்தில் அழிந்துபோயின. மீள்குடியேற்றத்தின் பிறகு எல்லை வழக்குகள் எத்தனை என்பதை எந்தப் பிரதேச செயலகத்து வாசலிலும் நின்று பார்க்கலாம். “அந்தத் துண்டு முன்பு இன்னாருடையது” என்று ஒரு கிழவி தன் முற்றத்தில், பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையை நம்பிச் சொன்னது, மண்டபத்துத் திரையில் ஏறி, யாரோ கைபேசியிற் படம் பிடித்து, அயல்வீட்டுக்காரரின் கைக்குப் போனால் அதன் பலனை அனுபவிக்கப் போவது விரிவுரையாளரும் அல்லர், நீங்களும் அல்லர்.

அந்த முதியவர்கள் சம்மதம் கொடுத்தது ஆசிரியைக்கு. எதற்குக் கொடுத்தார்கள், பெயர் சொல்லலாம் என்றார்களா, ஊர் சொல்லலாம் என்றார்களா, வேறொருவரிடம் கொடுக்கலாம் என்றார்களா என்பதை ஆசிரியையிடமும் கேட்க வேண்டும். இதில் அவர் பக்கத்திலும் ஒரு குறை இருக்கலாம் என்பதை மென்மையாகச் சொல்லுங்கள்: ஆலோசனைக்காகவே ஆனாலும், பெயர்களை நீக்காமல் எழுத்துப்படிகளை இன்னொருவருக்கு அனுப்பியது கவனக்குறைவு. கையெழுத்து வைக்க மாட்டாதவர்களிடம் ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே சம்மதத்தை அவர்கள் வாயாற் சொல்லச் செய்து பதிந்துகொள்வது எளிய வழி. இனிச் செய்யவேண்டியது, அவர்களிடம் திரும்பிப் போய், நடந்ததைச் சொல்லி, பெயரை நீக்கவா வைக்கவா என்று கேட்பது. ஆசிரியை தனியே போகத் தயங்கினால் சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போகட்டும். அதுவரை அந்தக் கட்டுரையின் திரைப்படிகளைச் சங்கத்தின் இணையப் பக்கத்திலிருந்தும் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிடுங்கள். இதற்கு விசாரணை முடிவு தேவையில்லை. இது தண்டனையல்ல, பாதுகாப்பு. இன்று மாலையே செய்யலாம்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. முறைப்பாடு ஒன்று கிடைத்துள்ளது, அது விசாரணைக் குழுவிடம் கொடுக்கப்படுகிறது, முடிவு வரும்வரை இரு தரப்பைப் பற்றியும் இங்கே எழுத வேண்டாம் என்று மூன்று வரியில் ஓர் அறிவித்தல் போடுங்கள். இலங்கையில் அவதூறு குற்றவியற் குற்றமாக இருந்த நிலை 2002இல் நீக்கப்பட்டது உண்மை. குடியியல் வழக்குக்கு இடம் இன்னும் உண்டு என்பதை ‘கள்ளன்’ என்று எழுதியவர்களுக்குத் தனியே நினைவூட்டலாம்.

தலைவருக்கு என்ன சொல்வது? சங்கத்தின் பெயரைக் காக்க வேண்டும் என்ற அவருடைய கவலை பொய்யானதல்ல. யுத்தம் முடிந்த பின் மண்டபம் இல்லாமல், அச்சுக்குக் காசு இல்லாமல், பாடசாலை விட்ட பின் பிற்பகலில் வாங்கில்களை இழுத்துப் போட்டுக் கூட்டம் நடத்தி வளர்த்த சங்கத்தை ஒரு முறைப்பாடு சாய்த்துவிடுமோ என்று அவர் பயப்படுகிறார். ஆனால் மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்ட விடயத்தை உள்ளுக்குள் வைப்பது எப்படி என்று அவரிடமே கேளுங்கள். சமரசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியை விரும்பினால், தொகுப்பில் ஒரு திருத்தக் குறிப்பும் எழுத்திலான ஓர் ஒப்புதலும் பெற்று அத்தோடு முடிக்கலாம். அந்த விருப்பம் அவருடையதாக இருக்க வேண்டும். தலைவரும் பாடசாலை அதிபரும் இரண்டு பெரியவர்களும் அவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் தேநீர் குடித்துவிட்டுப் பெற்றுக்கொண்டு வரும் விருப்பமாக இருக்கக் கூடாது.

யாப்பைப் பற்றி. புதிய நடத்தை விதிகளை அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றுங்கள். ஆனால் அவற்றை இந்த முறைப்பாட்டின்மீது பின்னோக்கிப் பிரயோகிக்காதீர்கள். விதியைப் பிறகு எழுதி முன்பு நடந்ததைத் தண்டித்தால் விரிவுரையாளர் அதை எதிர்ப்பார், எதிர்ப்பதும் நியாயம். நீக்குவது, இடைநிறுத்துவது போன்ற தண்டனைகளை இந்தமுறை விட்டுவிடுங்கள். மீளாய்வுக்கு வந்ததைச் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது என்பது எழுதப்படாவிட்டாலும் துறையில் எல்லோரும் அறிந்த கடமை. நீங்கள் மீளாய்வாளருக்கு அனுப்பிய கடிதத்தில் இரகசியம் பேணும்படி ஒரு வரி இருந்திருந்தால் இன்னும் நல்லது, தேடிப் பாருங்கள். அந்தக் கடமை மீறப்பட்டதென்று குழு கண்டால், சுருக்கத்தை மீளப்பெறுவதும், திருத்தக் குறிப்பு அச்சிடுவதும், அவரை மீளாய்வாளர் பட்டியலிலிருந்து எடுப்பதும் புதிய விதி இல்லாமலே உங்களாற் செய்யக்கூடியவை.

விதிகளை எழுதும்போது எங்களூர்ப் போகக் கூட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரணைமடுக் குளத்திலோ முத்தையன்கட்டுக் குளத்திலோ சிறுபோக நெற்பயிருக்கு எத்தனை ஏக்கர், நீர் திறக்கும் நாள் எது, மாடுகளை வயலிலிருந்து அகற்றும் கடைசித் திகதி எது என்பதெல்லாம் விதைப்புக்கு முன்பே கமக்காரரும் அதிகாரிகளும் கூடியிருந்து தீர்மானிக்கப்படுகின்றன. பயிரை மாடு மேய்ந்த பிறகு திகதியைப் பற்றி வாதாட இடமில்லை. அது கூட்டறிக்கையில் இருக்கிறது. உங்கள் விதிகளும் அந்த அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும். நேர்மை, கண்ணியம், அறம் என்று ஒரு பக்கம் எழுதி நிரப்புவதைவிட, அதே அரங்குக்குத் தாமும் சுருக்கம் அனுப்பியவர் அதே தலைப்பில் வந்ததை மீளாய்வு செய்யலாகாது என்ற ஒரு வரி அதிகம் பயன்படும். முறைப்பாட்டைச் செயலாளருக்கு எதிராகவே கொடுக்க வேண்டி வந்தால் யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் முதற் பதில் வரவேண்டும், முடிவை எதிர்த்து யாரிடம் மேன்முறையிடுவது, முறைப்பாடு கொடுத்ததற்காக எவருடைய அடுத்த சுருக்கமும் பாதிக்கப்படாமல் யார் பார்ப்பது என்பவற்றை எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள்; போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள், நீங்களும்.

கடைசியாக, ஆசிரியையின் விலகல். விலகுவது அவருடைய உரிமை. கடிதத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பொறுத்திருங்கள், யோசியுங்கள் என்று மன்றாட வேண்டாம், மன்றாடுவதும் ஒருவகை அழுத்தமே. ஆனால் அதற்கு முன், முறைப்பாடு கிடைத்தது என்று நீங்கள் எழுதப்போகும் கடிதத்திலேயே, அவர் உறுப்பினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த விசாரணை நடைபெறும், அதன் முடிவின் பிரதி அவருடைய முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்படும் என்று சேர்த்துவிடுங்கள். நிராகரிக்கப்பட்ட அவருடைய சுருக்கத்தை, விசாரணை முடிவு எதுவாயினும், சம்பந்தப்படாத இருவரிடம் புதிதாக மீளாய்வுக்கு அனுப்பச் சங்கம் தயாராக இருக்கிறது, அதற்கு அவர் உடன்படுகிறாரா என்றும் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் நீங்கள் கையெழுத்திடலாம். அதற்கு அடுத்த கடிதத்தில் வேறொருவர் கையெழுத்திட வேண்டும்.